பங்குக்கு விலக்கு, நகைக்கு வரி

கேள்வி இதுதான்: "10 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து இருப்பவர்களிடம் ஆண்டுக்கு 2 சதவீதம் வாங்கினால் நாட்டின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணப் பஞ்சமே இருக்காது என்கிறார்கள் சிலர். அப்படி வாங்கினால் பணக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு துபாய்க்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இந்தியாவில் இந்த வரி ஏற்கெனவே இருந்ததாமே, ஏன் எடுத்தார்கள்? மறுபடி வந்தால் என் அப்பா பெயரிலுள்ள வீட்டுக்கும் மனைக்கும் ஆபத்தா?"

கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். பொருளாதார அறிஞன் அல்ல. ஆனால் செல்வ வரிப் படிவங்களைக் கையால் நிரப்பியவன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். தமிழில் "சொத்து வரி" என்றால் மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் கட்டும் வீட்டு வரிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதுவல்ல. ஒருவரிடமுள்ள நிலம், நகை, பங்கு, ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, மீதிக்கு ஆண்டுதோறும் போடுவது செல்வ வரி. அவர் இறந்த பின் அந்தச் சொத்து பிள்ளைகளுக்குப் போகும்போது ஒரே ஒரு முறை போடுவது வாரிசு வரி. 2024 தேர்தல் நேரத்து விவாதங்களில் இந்த மூன்றையும் ஒரே கொத்தாகப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். வீட்டு வரி ரசீது வைத்திருந்தவர்கள் எல்லாம் பயந்துபோனதில் ஆச்சரியமில்லை.

இந்தியாவில் இரண்டுமே இருந்தன. இறந்தவர் சொத்து மீதான தீர்வை 1953இல் வந்தது. எஸ்டேட் டியூட்டி என்ற பெயரில்தான் அதை எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். செல்வ வரியைக் கொண்டுவந்தவர் நம் ஊர்க்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957இல் நிதியமைச்சராக இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டார் இந்தியாவுக்கு வந்து, வரி அமைப்பைப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டி.டி.கே. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கால்டாரின் யோசனை இன்றைக்கும் எனக்குப் பிடித்தமானது. ஒரு மனிதன் வருமானத்தை மறைக்கலாம். ஆனால் மறைத்த பணம் எங்காவது போய்ச் சேர வேண்டுமே? சேமித்தால் சொத்தாகும், அங்கே செல்வ வரி நிற்கும். செலவழித்தால் செலவு வரி பிடிக்கும். மைத்துனன் பெயருக்கு மாற்றினால் கொடை வரி பிடிக்கும். விற்று லாபம் பார்த்தால் மூலதன ஆதாய வரி. ஒவ்வொரு வரிக்கும் காட்டும் கணக்கு மற்ற வரிகளின் கணக்கைக் காட்டிக் கொடுக்கும். வீட்டின் எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்துவது போல.

இத்தனையும் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்: இவ்வளவு கதவுகளில் காவல் போட்ட பிறகு வருமான வரியை உச்சத்தில் வைக்கத் தேவையில்லை, 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். தில்லி மருந்தை வாங்கிக்கொண்டது, பத்தியத்தை விட்டுவிட்டது. புதிய வரிகள் எல்லாம் வந்தன. பழைய வருமான வரி விகிதம் அவர் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை. பிறகு ஏறவும் செய்தது. 1973-74இல் உச்ச விகிதம் 85 சதவீதம், அதன் மேல் 15 சதவீதம் கூடுதல் தீர்வை, ஆகமொத்தம் 97.75 சதவீதம். உச்சப் படியில் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். செல்வ வரியையும் சேர்த்தால் சிலருக்கு ஆண்டு வருமானத்தைவிட ஆண்டு வரி அதிகம். அந்த நிலையில் நேர்மையாகக் கணக்குக் காட்டுவதற்கு ஒருவர் மகானாக இருக்க வேண்டும், அல்லது முட்டாளாக.

செலவு வரியின் கதை தனி வேடிக்கை. டி.டி.கே. கொண்டுவந்ததை 1962இல் எடுத்தார்கள். அவர் மீண்டும் நிதியமைச்சராகி 1964இல் திரும்பக் கொண்டுவந்தார். அவர் போனதும் 1966இல் மறுபடி எடுத்தார்கள். கால்டாரின் ஐந்து கதவுகளில் ஒன்றில் காவலாளி அப்படிப் போனார். கொடை வரி 1958இல் வந்து 1998 வரை இருந்தது. எஸ்டேட் டியூட்டியை 1985இல் ராஜீவ் காந்தி அரசின் நிதியமைச்சர் வி.பி. சிங் நீக்கினார். அதன் உச்ச விகிதம் 85 சதவீதம். ஆண்டு வசூலோ சுமார் 20 கோடி ரூபாய். ஒரே சொத்துக்கு உயிரோடிருக்கும்போது செல்வ வரி, செத்த பிறகு தீர்வை என இரண்டு அலுவலகங்கள், இரண்டு மதிப்பீடுகள், இரண்டு வழக்குகள். வசூலிக்கும் செலவுக்கும் வசூலுக்கும் பொருத்தமில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இந்திரா காந்தியின் சொத்து தன் கைக்கு வரும்போது வரி கட்டாமலிருக்கத்தான் ராஜீவ் காந்தி இதை நீக்கினார் என்று 2024 தேர்தல் மேடையில் பிரதமர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நீக்கம் 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கே பொருந்தும். இந்திரா காந்தி இறந்தது 1984 அக்டோபர் 31. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த் தரப்பும் அன்று சரியாகப் பேசவில்லை. அமெரிக்காவில் பத்து கோடி டாலர் வைத்திருப்பவர் இறந்தால் 55 சதவீதத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று காங்கிரஸ்காரர் சாம் பிட்ரோடா உதாரணம் காட்டினார். அங்கே மத்திய அரசின் வரி உச்ச விகிதம் 40 சதவீதம். அதுவும் அந்த ஆண்டில் ஒருவருக்கு 1.36 கோடி டாலர் வரை விலக்கு. சில மாநிலங்கள் தனியாக வாங்குவது உண்டு. மில்லியன் கணக்கான டாலருக்குச் சொந்தக்காரர்களுக்கே வராத வரியை, ஊர்ப்பட்ட எல்லோருக்கும் வரும் வரி போலக் கேட்க வைத்தது அந்த ஒரு வாக்கியம். அவருடைய கட்சியே உடனே விலகி நின்றது. தாலியைப் பறிப்பார்கள் என்று ஒரு மேடை, அப்படி எங்கள் அறிக்கையில் இல்லை என்று இன்னொரு மேடை. ஏற்றத்தாழ்வு பற்றி இரண்டு மேடையிலும் யாரும் பேசவில்லை.

இப்போது செல்வ வரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

1991இல் அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் ராஜா செல்லையா. பின்னாளில் மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸை நிறுவியவர். உற்பத்திக்குப் பயன்படும் சொத்துக்கு வரி போட்டால் முதலீடு குறையும். சும்மா கிடக்கும் சொத்துக்கு மட்டும் போடுங்கள் என்பது குழுவின் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 1992 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அதை ஏற்றார். அடுத்த ஆண்டிலிருந்து பங்குகள், கடன் பத்திரங்கள், வங்கி வைப்புகள் எல்லாம் வரிக்கு வெளியே. உள்ளே மிஞ்சியவை: நகை, நகர்ப்புறக் காலி மனை, இரண்டாவது வீடு, கார், உல்லாசப் படகு, விமானம், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம். விகிதம் 1 சதவீதம். 2009இலிருந்து விலக்கு வரம்பு 30 லட்சம்.

படகும் விமானமும் எத்தனை பேரிடம் இருக்கும்? நடைமுறையில் இது நகைக்கும் மனைக்குமான வரியாகிவிட்டது.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சொந்த வீடு ஒன்று, அதற்கு விலக்கு உண்டு. புறநகரில் கணவர் எப்போதோ வாங்கிப் போட்ட மனை, 2012 வாக்கில் 40 லட்சம் பெறும். 80 சவரன் நகை, அன்றைய விலையில் 19 லட்சத்தை ஒட்டி. கூட்டினால் 59 லட்சம். 30 லட்சம் போக 29 லட்சம். வரி 29,000 ரூபாய். நகையை மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோய்ச் சான்று வாங்கிவர அவர் தனியாக ஆட்டோ பிடித்தார். இன்னொருவர் ஒரு நடுத்தர நிறுவனத்தின் உரிமையாளர். அவர் பெயரிலிருந்த பங்குகளின் சந்தை மதிப்பு 200 கோடிக்கும் மேல். குடியிருந்தது ஒரே வீடு. கார் இருந்தது கம்பெனியின் பெயரில். அவர் கட்டிய செல்வ வரி பூஜ்யம். இருவரும் சட்டத்தை மீறவில்லை. சட்டம் எழுதியபடிதான் எங்கள் பேனா ஓடியது.

2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி இந்த வரியை நீக்கியபோது சொன்ன எண்: 2013-14 வசூல் 1,008 கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்த வரி வசூலில் இது நூறு ரூபாய்க்கு ஒன்பது பைசா. அதற்குப் பதிலாக ஆண்டு வருமானம் ஒரு கோடியைத் தாண்டுவோருக்குக் கூடுதலாக 2 சதவீதத் தீர்வை போட்டார். அதில் 9,000 கோடி வரும் என்றார். நிர்வாகியாகப் பார்த்தால் சரியான முடிவு, அந்தச் செல்லரித்த சட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆனால் "செல்வ வரி போட்டுப் பார்த்தோம், தோற்றது" என்று இன்று சொல்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள், அல்லது அவர்களுக்குத் தெரியாது. கடைசி இருபத்திரண்டு ஆண்டுகள் பெரும்பணக்காரர்களின் செல்வம் எதில் இருந்ததோ அதை அந்த வரி தொடவே இல்லை. வலையில் யானை போகும் ஓட்டையை நாமே வெட்டிவைத்துவிட்டு, யானை சிக்கவில்லை என்று வலையைக் குறை சொல்கிறோம்.

வரி வேண்டும் என்போரின் கணக்கிலும் எனக்குச் சங்கடம் உண்டு. பாரிஸிலிருந்து இயங்கும் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் பிக்கெட்டி, லூகாஸ் ஷான்செல், நிதின் குமார் பாரதி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர் 2024இல் இந்தியாவைப் பற்றி எழுதினார்கள். 2022-23இல் உச்சி ஒரு சதவீதத்தினரிடம் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதமும் செல்வத்தில் 40.1 சதவீதமும் இருப்பதாக அவர்கள் கணிப்பு. பிறகு ஒரு திட்டம்: 10 கோடிக்கு மேற்பட்ட நிகரச் செல்வத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், அதே அளவுக்கு மேல் வாரிசுகளுக்குப் போகும் சொத்துக்கு 33 சதவீதம். வயது வந்தோரில் 0.04 சதவீதம் பேரையே இது தொடும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.73 சதவீதம் கிடைக்கும். ரூபாயில் சொன்னால் சுமார் 8 லட்சம் கோடி.

1,008 கோடி எங்கே, 8 லட்சம் கோடி எங்கே! இந்த இடைவெளியில்தான் முழு விவாதமும் இருக்கிறது. அவர்கள் கணக்கில் விலக்கு என்ற சொல்லே கிடையாது. பங்கு, நிலம் எல்லாம் சந்தை விலைக்கு மதிப்பிடப்பட்டு உள்ளே வருகின்றன. இந்தியாவில் எந்த நிதி மசோதாவும் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த உருவத்தோடு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. விவசாய நிலத்துக்கு விலக்கு என்று ஒருவர் எழுவார், இந்து கூட்டுக் குடும்பத்துக்குத் தனி வரம்பு என்று இன்னொருவர், புதிய நிறுவனங்களின் பங்குக்கு ஐந்தாண்டுச் சலுகை என்று மூன்றாமவர். எல்லாம் முடியும்போது உள்ளே மிஞ்சுவது மறுபடியும் அந்த ஆசிரியையின் மனையும் நகையுமாகத்தான் இருக்கும் என்பது என் பயம்.

அடிப்படை எண்களிலும் சண்டை உண்டு. 2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு செய்தி வெளியிட்டது: உலக வங்கியின் கினிக் குறியீட்டில் (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண், கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடுதல்) இந்தியாவுக்கு 25.5, உலகிலேயே சமத்துவம் மிகுந்த நாடுகளில் நான்காவது இடம். அதே உலக வங்கிக் குறிப்பில், வருமான ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் கினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆனது என்ற வாக்கியமும் இருந்தது. முதலாவது எண் வீடுகளில் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று கேட்டு எடுத்தது. இரண்டாவது எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதன் மதிப்பீடு. ஆயிரம் கோடி சம்பாதிப்பவரும் இரண்டு வேளை சோறுதான் சாப்பிடுகிறார். அவர் வீட்டு வாசல் காவலாளியைத் தாண்டிக் கணக்கெடுப்பாளர் உள்ளே போவதும் அரிது. செலவை அளந்தால் நாம் சமமாகத் தெரிவது இயல்புதான். மற்ற நாடுகளில் பலவற்றின் எண் வருமானத்தை அளந்தது. அதோடு நம் செலவு எண்ணை வரிசையில் நிறுத்தி நான்காம் இடம் என்று கொண்டாடியது அரசுக்கு அழகல்ல.

"ஓடிப்போவார்கள்" என்ற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் 2024 டிசம்பரில் தில்லியில் பிக்கெட்டியோடு ஒரே மேடையில் இருந்தபோது, மூலதனத்துக்கு வரி கூடினால் பணம் வெளியேறும் என்று இதைத்தான் எச்சரித்தார். நார்வேயில் 2022இல் செல்வ வரியை உயர்த்தியதும் பல பெருஞ்செல்வர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த சுவிட்சர்லாந்திலும் எல்லா மாகாணங்களிலும் செல்வ வரி உண்டு என்பதைச் செய்திகள் சொல்வதில்லை. வரியே இல்லாத இடத்தைத் தேடிப் போனார்கள் என்பதைவிட, விகிதம் குறைந்த, சட்டம் அடிக்கடி மாறாத இடத்துக்குப் போனார்கள் என்பதே பொருத்தம். நார்வே பதிலுக்கு வெளியேறுவோர் மீதான வரியை இறுக்கியது. 2025 தேர்தலில் இந்த வரி பெரிய விவாதமாகியும், அதை வைத்திருந்த கட்சியே ஆட்சியைத் தக்கவைத்தது.

நம் நாட்டுச் செல்வர் துபாய்க்குப் போனாலும் அவருடைய சுரங்கமும் துறைமுகமும் மும்பைச் சந்தையில் பட்டியலிட்ட பங்கும் கூடப் போவதில்லை. வெளிநாட்டில் வசிப்பவரின் இந்தியச் சொத்துக்குப் பழைய செல்வ வரிச் சட்டமே வரி போட்டது. ஆகவே ஓட்டம் உண்மை. ஆனால் அதற்குப் பூட்டுப் போடச் சட்டத்தில் இடமும் உண்மை.

நான் எந்தப் பக்கம் என்று நேராகக் கேட்டால்: ஆண்டுதோறும் போடும் செல்வ வரியை இப்போதைக்கு ஆதரிக்கமாட்டேன். அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது வருமான வரிக்குள்ளேயே கிடக்கிறது. ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் சம்பளம் வாங்கும் ஒருவர், புதிய முறையில், உச்சப் படியில் 39 சதவீதம் கட்டுகிறார். அதே தொகையைப் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று லாபமாகப் பார்த்தவர் கட்டுவது 14.95 சதவீதம். உழைத்தவனுக்கு ஒன்று, காத்திருந்தவனுக்கு வேறொன்று. 2004 முதல் 2018 வரை அந்தக் காத்திருந்தவருக்கு வரியே இல்லை. 2018இல் வரி திரும்பியபோதும் அந்த ஆண்டு ஜனவரி 31 வரை ஏறிய விலைக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டார்கள். இதை மாற்றப் புதிய சட்டமோ மதிப்பீட்டாளரோ ஆட்டோவோ தேவையில்லை. நிதி மசோதாவில் ஒரு வாக்கியம் போதும்.

வாரிசு வரியைப் பொறுத்தவரை, மிக உயர்ந்த வரம்போடு வந்தால் ஆதரிப்பேன். காரணத்துக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் வரை போனாலே போதும். தமிழ்நாட்டில் 20 லட்ச ரூபாய்க்கு மனை வாங்கும் ஒருவர் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் கட்டுகிறார். அப்பா மகனுக்கு 10 கோடி ரூபாய்க் கட்டடத்தைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால், 2023இல் உயர்த்திய பிறகும், தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 என்று உச்சவரம்பு. மொத்தம் 50,000. மூன்று சென்ட் வீட்டை மகளுக்கு எழுதிவைக்கும் குடும்பத்துக்கு இந்தச் சலுகை அவசியம், அதில் கை வைக்கவே கூடாது. பத்துக் கோடிக்கும் அதே உச்சவரம்பு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசியாக உங்கள் அப்பாவின் வீடும் மனையும். இப்போது பேசப்படும் 10 கோடி வரம்பில் அவை வராது. ஒருவேளை அண்ணாசாலையில் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் நாளைக்கு ஏதாவது மசோதா வந்தால் விகிதம் என்ன என்று முதலில் பார்க்காதீர்கள். இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, விலக்குப் பட்டியலில் பங்குகள் இருக்கின்றனவா. மற்றொன்று, அந்த 10 கோடி விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் உயருமா, அப்படியே நிற்குமா. 2009இல் 30 லட்சம் என்பது பணக்காரரைக் குறித்த எண்ணாகத்தான் போட்டார்கள். சில ஆண்டுகளில் சென்னைப் புறநகரில் ஒரு சுமாரான அடுக்ககத்தின் விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. எண் மட்டும் 2015 வரை அசையவில்லை.